அடுத்தவர் மாட்டைப் படம் எடுக்காதவர்

சூரியகாந்தி விதையின் தோலைக் காகிதக் கோப்பைக்குள் துப்பிவிட்டு, "அடுத்தது யாரு?" என்கிறார் ஆர்லிஸ் டோஃப்ட். கூட்ட அறையின் கதவருகே சுவரில் வரிசையாக ஆணிகள் இருக்கின்றன. உள்ளே வரும் விவசாயிகள் தொப்பியை அதில் மாட்டிவிட்டுத்தான் உட்காருவார்கள். ஆர்லிஸின் கண்ணுக்கு அந்த ஆணிகள் தெரிவதில்லை. விளிம்பில் வியர்வை உப்புப் படிந்த பழுப்புத் தொப்பி காலையில் தலையில் ஏறினால் படுக்கப் போகும்போதுதான் இறங்கும். தேவாலயத்தில் பாதிரியார் ஒருமுறை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். "கடவுளுக்கு என்னைத் தொப்பியோடதான் அடையாளம் தெரியும்" என்று சொல்லிவிட்டாராம்.

அந்தத் தலையை வெறுமையாக நான் பார்த்தது ஒரே ஒருமுறை. அவருடைய கணவர் ஹார்லனைப் புதைத்த அன்று, குழிமேட்டில், காற்று பிடுங்கப் பார்த்த தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். வெயிலே படாத நெற்றி முட்டை ஓடு போல வெளுத்திருந்தது.

அவர் போட்டிருப்பவை இன்னும் ஹார்லனின் சட்டைகள்தான். இடது பையில் சூரியகாந்தி விதை. வலது பையில் பேனாக்கத்தி, கன்றுக்குட்டிக்கான மாத்திரை, காளைக்கன்றுகளுக்கு மாட்டும், எதற்கென்று கேட்கக் கூடாத ரப்பர் வளையங்கள். இரண்டு பைகளின் டிச் பட்டனையும் அவர் போட்டு நான் பார்த்ததில்லை. கை எப்போதும் உள்ளே போய் வந்துகொண்டே இருக்கும். வலது கையில் ஆட்காட்டி விரல் பாதிதான். இளவயதில் குதிரைமேலிருந்து கன்றுக்கு வீசிய கயிறு சேணத்தின் கொம்பில் சுற்றியபோது மீதியைக் கொண்டுபோய்விட்டது. எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவது டகோட்டா புல்வெளியில் எங்கள் வணக்கம். ஆர்லிஸ் உயர்த்துவது அந்த அரை விரலைத்தான். "உனக்கெல்லாம் பாதி வணக்கம் போதும்" என்பார், பிறகு பார்க்கும்போது.

நான் மாவட்டத்தின் பேரிடர் உதவித்தொகை அலுவலகத்தில் எழுத்தர். என் அப்பா பிறர் பண்ணையில் கூலிக்கு மாடு பார்ப்பவர். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனால் ஆர்லிஸ் எனக்கு வைத்த பெயர் காலேஜ். "ஏய் காலேஜ், காப்பி போட்டியா, இல்ல அதுக்கும் விண்ணப்பம் எழுதணுமா?" என்றுதான் கதவைத் திறப்பார்.

ஆலங்கட்டி, வறட்சி, வெள்ளம், பனிப்புயல் என்று எது வந்து போனாலும் அதன் பின்னாலேயே எங்கள் வாசலுக்கு ஒரு கூட்டம் வரும். யாருக்குப் பணம், யாருக்கு இல்லை என்று முடிவு செய்வது விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மூன்று விவசாயிகள். அதாவது, பக்கத்து வீட்டுக்காரனின் இழப்பு உண்மைதானா என்று பக்கத்து வீட்டுக்காரனே தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்த மூன்று நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்த பிறகு ஆர்லிஸ் காப்பிக் கடைக்குள் நுழைந்தால் மேசையில் இருப்பவர்கள் பேச்சை மழைக்கு மாற்றிவிடுகிறார்கள். அவர் அதைக் கண்டுகொள்வதில்லை. கடைசி மேசையில் தனியாக உட்கார்ந்து, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை உள்ளே வைத்துச் சுட்ட பண்டத்தின் மேல்தட்டை முழுவதும் தின்றுவிட்டு, பிறகு அடித்தட்டைத் தின்பார்.

அவர் கறார் ஆள். வெள்ளத்தில் புல் உருளைகள் அழுகிவிட்டதாக ஒருவர் விண்ணப்பித்தபோது, "உன் புல்லு போன வருஷமே கறுத்துப்போச்சுப்பா. ரோட்டுல போறப்ப நான்தான் பார்த்தேனே, உன் மாடுங்களே மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னுச்சு" என்றார். விண்ணப்பம் தள்ளுபடி. அடுத்த வாரம் அந்த மனிதரின் வேலிக்குள் நல்ல புல்லாக இரண்டு உருளைகள் கிடந்தன. போட்டது யார் என்று அவர் கேட்கவில்லை. ஆர்லிஸ் சொல்லவும் இல்லை. இதை நேர்மை என்பதா, நேர்மையை யாருக்கும் தெரியாமல் சரிக்கட்டும் வேலை என்பதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

போன ஏப்ரலில் வந்த பனிப்புயல் முதலில் மழையாகத்தான் வந்தது. அதுதான் கெடுதல். தோல் நனைந்த பிறகு பனி விழுந்தால் மாடு தாங்காது. காற்றுக்கு முதுகைக் காட்டி நடக்கத் தொடங்கும். வேலி பனியில் புதைந்துவிட்டால் அதன் மேலேயே ஏறி நடக்கும். ஓடைப் பள்ளம் வந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். பக்கத்துப் பண்ணைக்காரர் வெஸ் யெலினெக்கின் மந்தையும் வெளியூர்க் கம்பெனிப் பண்ணையின் மந்தையும் அப்படித்தான் கலந்து போய் ஆர்லிஸின் நிலத்து ஓரத்தில் விழுந்து கிடந்தன. எல்லாம் கறுப்பு மாடுகள், எல்லாவற்றின் மேலும் பனிப்பாளம்.

வெஸ் அப்போது ஊரில் இல்லை. அவர் மனைவி மார்னிக்கு நாள் நிறையாமலேயே வலி எடுத்து, புயலுக்கு முந்தின நாள் நகர ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. சாலை திறந்ததும் ஆர்லிஸ் நாலா பக்கமும் போன் செய்தார். டிராக்டர்கள் வந்தன. எங்கள் ஊரில் ஒருவனுடைய செத்த மாடுகளை அவனே இழுக்கும்படி விடமாட்டார்கள். அக்கம்பக்கத்தார் வந்து, அதிகம் பேசாமல் இழுத்துப் புதைத்துவிட்டு, அவன் வருவதற்குள் போய்விடுவார்கள். எத்தனை, யாருடையது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அப்படி எண்ணினால் அது சாவு வீட்டில் பாத்திரங்களை எண்ணுவது மாதிரி.

கம்பெனிப் பண்ணையில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் மட்டும் கைபேசியை எடுத்து நீட்டியிருக்கிறான்.

"போன உள்ள வை" என்றாராம் ஆர்லிஸ்.

"சும்மா ஒரு படம்தான்…"

"உங்கம்மா செத்துக் கெடந்தா படம் எடுப்பியா? உள்ள வைடா."

அவன் உள்ளே வைத்தான். பழைய சரளைக் குழியில் எல்லாவற்றையும் தள்ளி மூடினார்கள். வெஸ் திரும்பி வந்தபோது ஓடைப் பள்ளம் சுத்தமாக இருந்தது. பனி கரைந்த இடத்தில் புல் தலைகாட்டியிருந்தது.

பிறகு மார்னி எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். செத்த மாடுகளுக்கு உதவித்தொகை உண்டு. ஆனால் செத்தது இவர்களுடைய மாடுதான் என்று காட்ட வேண்டும். படம் வேண்டும், இல்லையென்றால் கால்நடை மருத்துவர் பார்த்திருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் சம்பந்தமில்லாத ஒருவர் அடையாளம் சொல்ல வேண்டும். புதைக்கப் போனவர்களை ஒவ்வொருவராக நான் கேட்டேன். நிறைய மாடு என்றார்கள். யாருடையது என்று கேட்டால், "பனிக்குள்ள யாரு பார்த்தா?" என்றார்கள். அவர்கள் பார்க்காமல் இருந்ததே மரியாதைக்காக. அதை எழுத விண்ணப்பத்தில் இடம் கிடையாது.

அந்தப் பணம் வராவிட்டால் இலையுதிர் காலத்தில் வங்கிக்குக் கட்ட வேண்டியதற்காக மிச்சமிருக்கும் மாடுகளும் ஏலத்துக்குப் போகும். மாடு போனால் குத்தகை நிலமும் போகும். வாங்கிக்கொள்ளக் கம்பெனிப் பண்ணை காத்திருக்கிறது. வெஸ் ஏற்கெனவே சரளை லாரி ஓட்டப் போய்விட்டார்.

மார்னிக்கு இன்னொரு கவலையும் இருந்தது. கறுப்பு மந்தையில் அவளுடையது ஒன்று மட்டும் சிவப்பு, வெள்ளை முகம். பள்ளிக்கூட நாளில் புட்டிப்பால் கொடுத்து வளர்த்து, கண்காட்சியில் ரிப்பன் வாங்கிய மாடு. பெயர் பிஸ்கட். செத்து யாரும் பார்க்கவில்லை என்பதால் அது எங்காவது வேறு மந்தையோடு மேய்ந்துகொண்டிருக்கும் என்று நம்பினாள். கோடை முழுவதும் ஒவ்வொரு பண்ணையாக போன் செய்து, "சிவப்பு ஒண்ணு உங்க கூட்டத்துல கலந்திருக்கா?" என்று கேட்டாள். ஆர்லிஸிடமும் கேட்டாள். "கண்ணுல பட்டா சொல்றேன்" என்றார் அவர்.

விண்ணப்பம் நிற்காது என்று நான் சொன்ன அன்று ஆர்லிஸ் என் மேசை முன்னால் வெகுநேரம் நின்றார். விதை மெல்லவில்லை.

"நான்தான் அந்தப் பயல போன உள்ள வைக்கச் சொன்னேன்."

"தெரியும்."

"குழியத் தோண்டுனா? காதுல நம்பர் வில்லை இருக்கும்ல. பிளாஸ்டிக்கு, அது மக்காது."

"தோண்டினா சரியா இருக்கும். ஆனா கூட யாராவது இருந்து பார்க்கணும். நான் வேணா வர்றேன்."

அவர் என் சட்டையை, என் காலணியை, என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "வேணாம், காலேஜ். அதையெல்லாம் ஒருத்தருக்குக் காட்டுவாங்களா?"

தனியாகத்தான் போனார். எங்கள் மாவட்டத்தில் ஜூலை வெயில் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் குழி எப்படியிருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் வற்புறுத்தியிருக்கலாம். விதியைச் சொன்னதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேனா, அல்லது அவர் வேண்டாம் என்றது எனக்கு வசதியாக இருந்ததா?

கூட்டம் நடந்த அன்று அவர் ஒரு தீவன வாளியோடு வந்தார். வாளி நிறைய மஞ்சள் வில்லைகள். தாய் மாடுகளுக்குப் பெரியவை, கன்றுகளுக்குச் சிறியவை. எல்லாவற்றிலும் யெலினெக் பண்ணையின் குறி. அறை முழுக்க எலுமிச்சை சோப்பு வாசனை. தன்னுடைய வழக்கமான நாற்காலியைத் தாண்டிப் போய், விண்ணப்பதாரர்கள் உட்காரும் பக்கத்தில், மார்னிக்கு அருகில் உட்கார்ந்தார். சாட்சி சொல்பவர் ஓட்டுப் போட முடியாது. மிச்சம் இரண்டு ஓட்டு. இரண்டும் சேர்ந்தால்தான் பணம்.

மார்னியின் காலடியில் கூடை இருக்கையில் குழந்தை தூங்கியது. ஆர்லிஸின் வலது பையில் டிச் பட்டன் போட்டிருந்ததை அப்போது கவனித்தேன்.

ராய்ஸ் கெப்ளர் குழுவின் தலைவர். மெலிந்த, நிதானமான மனிதர். வாளியிலிருந்து ஒரு வில்லையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். முகர்ந்தார்.

"கழுவுனியா?"

"கழுவுனேன்."

"எதுக்கு?"

ஆர்லிஸ் மார்னியின் பக்கம் பார்க்காமல் இருக்கச் சிரமப்படுவது தெரிந்தது. "நாத்தம்" என்றார்.

"ஆர்லிஸ், எங்க கொட்டகையிலயும் இந்த மாதிரி ஒரு வாளி தொங்குது. வித்த மாடு, கெழட்டு மாடு, எல்லாத்தோட பழைய வில்லையும் அதுல கெடக்கு. கழுவித் தொடச்சா அதுவும் இப்படித்தான் இருக்கும்."

"இது குழியில இருந்து எடுத்தது."

"யாரு பார்த்தா?"

"நான் பார்த்தேன்."

மூன்றாவது உறுப்பினர் லைல் ஹாக் யாரையும் பகைத்துக்கொள்ளாத மனிதர். நாற்காலியில் நெளிந்தார். "ஏம்ப்பா ராய்ஸ், நம்ம ஆர்லிஸ் பொய் சொல்லுவாளா? நானே அன்னைக்கு டிராக்டர் கொண்டுட்டுப் போனேனே."

"யாரு மாட்ட இழுத்த?"

"அது… பனியில எங்க தெரிஞ்சுது."

"பொய் சொல்றான்னு நான் சொல்லல, லைல்." ராய்ஸின் குரல் உயரவில்லை. "வெள்ளத்துல என் கன்னுங்க அடிச்சிட்டுப் போனப்ப என்னையும் பொய்யன்னு யாரும் சொல்லல. ஆதாரம் எங்கன்னு மட்டும்தான் கேட்டாங்க. கேட்டது யாரு? இதோ, இவதான். என் பொண்டாட்டி இந்த நாற்காலியிலதான் ஒக்காந்து அழுதா. 'அழுகை ஆதாரம் ஆகாது, ராய்ஸ்'னு சொன்னா. சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

"அன்னைக்கு நீ சொன்னது சரியா, தப்பா?"

வெளியே கோதுமை ஏற்றிய லாரி ஒன்று கியர் மாற்றிப் போனது.

"சரிதான்" என்றார் ஆர்லிஸ்.

"அப்ப நான் இன்னைக்கு என்ன செய்யட்டும்? நீயே சொல்லு."

மார்னி மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பரவால்ல ஆர்லிஸ்" என்றாள் மெதுவாக. "நீங்க இவ்வளவு செஞ்சதே போதும். வெஸ்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஆர்லிஸின் கை வலது பையின் மேலே போனது. அங்கேயே நின்றது. அரை விரல் பட்டனைத் தடவிக்கொண்டிருந்தது.

"மார்னி" என்றார். "பாப்பா அழுவுது பாரு. வெளிய கொண்டு போ."

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மார்னி அதைப் பார்த்தாள். பிறகு ஆர்லிஸைப் பார்த்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

பட்டன் படக்கென்று திறந்தது. ரொட்டி வந்த பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து, அதைத் தலைகீழாக்கி மேசைமேல் கொட்டினார் ஆர்லிஸ். வில்லையோடு காதும் இருந்தது. காய்ந்த தோல்போலச் சுருண்டு, களிமண் அப்பி, விளிம்பில் கொஞ்சம் மயிரோடு. எலுமிச்சை வாசனையை அது ஒரே நொடியில் விழுங்கிவிட்டது. மயிர் சிவப்பு.

ஓடையின் இரண்டு கரையிலும் சிவப்பு மாடு ஒன்றுதான் உண்டு என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"ஐயோ, இது அந்தப் பொண்ணோட…" என்றார் லைல்.

"வாய மூடு, லைல்."

"நேத்துகூட என் வீட்டுக்கு போன் பண்ணுச்சேம்மா அது!"

"மூடுன்னு சொன்னேன்ல."

ராய்ஸ் அதைக் கையில் எடுத்தார். அருவருப்படையவில்லை. கட்டைவிரலால் களிமண்ணைச் சுரண்டி எண்ணைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். "மத்ததெல்லாம்?"

"இப்படித்தான் இருந்துச்சு. எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டு வந்து கழுவிட்டேன். இத மட்டும்…" ஆர்லிஸ் நிறுத்தினார். "இத வாளியில போட முடியல. தூக்கிப் போடவும் முடியல."

ராய்ஸ் காதைத் திரும்ப மேசைமேல் வைத்தார். தூக்கம் கலையாத குழந்தையைப் படுக்க வைப்பதுபோல, மெதுவாக. பிறகு கையை உயர்த்தினார். லைலின் கை அதற்கு முன்பே மேலே போயிருந்தது.

நான் எழுதிக்கொண்டேன். ஆனால் எழுதினால் மட்டும் போதாது. மேலிடத்தில் இந்தக் கோப்பைப் பிரிப்பவர்களுக்கு இந்த அறையில் வீசிய வாடை தெரியாது. கைபேசியை எடுத்தேன். எடுத்த பிறகுதான் யார் முன்னால் எடுக்கிறேன் என்று உறைத்தது.

ஆர்லிஸ் கைபேசியைப் பார்த்தார். உள்ளே வை என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து, அரை விரலால் வில்லையை என் பக்கம் நேராகத் திருப்பி வைத்தார்.

"எடு, காலேஜ்" என்றார். "நம்பர் தெரியற மாதிரி எடு."

எடுத்தேன். கைபேசி கிளிக் என்ற அதே நேரம் கதவின் கைப்பிடி திரும்பியது. குழந்தையின் போர்வை நாற்காலியிலேயே கிடந்தது. மார்னி அதை எடுக்க வந்திருக்கிறாள். ராய்ஸ் எழுந்தார், லைல் எழுந்தார், இருவரும் மேசைக்கும் கதவுக்கும் நடுவே என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

ஆர்லிஸ் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றி, மேசைமேல் கிடந்ததன்மீது கவிழ்த்து, வெளுத்த நெற்றியோடு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.